தீ பிடித்தால் சம்பளம்

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோன். அங்கே தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் மாடக்கண்ணு. ஒருநாள் முதலாளி சீனிவாசராஜா அவரைக் கூப்பிட்டார்.

"வருஷம் பூரா ஒரு தீகூடப் பிடிக்கலை. சும்மா உக்காந்திருக்க மாசச் சம்பளமா? இனிமே தீயை அணைச்சாத்தான் காசு!"

"ஆகட்டும் மொதலாளி."

மறுநாள் காலை மூட்டை தூக்குகிறவர்கள் காதில் பீடியும் மடியில் தீப்பெட்டியுமாக வந்தார்கள். மாடக்கண்ணு கும்பிட்டு வழிவிட்டார்.

முதலாளி அலறிக்கொண்டு ஓடிவந்தார். "பஞ்சுக்குள்ள தீப்பெட்டியா! பிடுங்கி வைக்க வேண்டாமாய்யா?"

"இத்தனை நாளும் அதைத்தான் செஞ்சேன். பிடுங்கினா தீ பிடிக்காதே மொதலாளி, எனக்கு ஏது காசு?"

முதலாளியே ஒவ்வொருவர் மடியாகத் தடவித் தீப்பெட்டிகளைப் பறித்தார். வேர்த்து விறுவிறுத்து நின்றவரிடம் மாடக்கண்ணு தன் முக்காலியை நகர்த்தினார்.

"உக்காருங்க மொதலாளி. சும்மா இருக்கிற வேலைதானே."