ஒற்றைப் பனை ஊற்று

கடல் இன்னும் முழுதாக உப்பாகாத காலத்தில், செம்பாலை என்றொரு நாடு இருந்தது. அதைக் கொற்றமாறன் ஆண்டான். அவனுக்குப் போர் பிடிக்காது, வேட்டை பிடிக்காது, பாட்டும் பிடிக்காது. கேள்வி கேட்கப் பிடிக்கும்.

பௌர்ணமிதோறும் அவை கூடும். அரசன் கேட்பான். முரசு ஒருமுறை முழங்கும். அதன் அதிர்வு அடங்குவதற்குள் பதில் வர வேண்டும். முதலில் வந்ததே சரியான பதில். விடை அரசனுக்கும் தெரியாததால் வேறு வழி இல்லை.

"தெரியாது" என்பவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேற வேண்டும். பிறகு அவைக்கு வரக் கூடாது. ஆகையால் அந்நாட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அவர்களிலும் தேவநம்பி என்ற புலவருக்கு மிக விரைவாகத் தெரிந்தது.

"இக்கோட்டையைக் கட்டிய மன்னனின் யானைக்கு என்ன பெயர்?" என்று ஒருமுறை அரசன் கேட்டான்.

"பூங்கொம்பன்" என்றார் தேவநம்பி. பூங்கொம்பனுக்குச் சிலை வைத்தார்கள்.

"இராவணனுக்குத் தும்மல் வந்தால் எந்தத் தலை தும்மும்?"

"இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது." அன்று முதல் கூத்து மேடையில் அந்தத் தலைதான் தும்மியது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

"வடக்கே இருக்கும் மணல்காட்டின் நடுவில் தண்ணீர் உண்டா?"

"உண்டு. ஒற்றைப் பனை நிற்கும். அதன் அடியில் ஊற்று."

பிள்ளைகள் இதையும் மனப்பாடம் செய்தார்கள். தேவநம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்.

ஆண்டுகள் போயின. அவருடைய ஒரே மகள் குவளைக்கு, மணல்காட்டுக்கு அப்பால் ஓர் ஊரில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் தந்தை ஆதன் பெண்ணை அழைத்துப் போக வந்தார்.

"ஆற்றோரமாகச் சுற்றினால் நாளாகும். மணல்காட்டில் குறுக்கே போய்விடுவோம். பாதி வழிக்குத் தண்ணீர் போதும். மீதிக்குத்தான் உங்கள் ஊற்று இருக்கிறதே!" என்றார் ஆதன்.

முழு வழிக்கும் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார் தேவநம்பி.

"அப்புறம் சீர்வரிசையை எந்த மாடு இழுக்கும்? அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் கூடவே வருகிறீர்களா?"

ஆற்றோரமே போகலாம் என்றார் தேவநம்பி.

"முகூர்த்தத்தை ஆற்றோடு விடச் சொல்கிறீர்களா?"

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஊற்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது" என்றார்.

ஆதன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பெண்ணை அனுப்ப மனம் வராதவர் இப்படித்தான் ஏதாவது சொல்வார். அவையில் சொன்னதைக் கூடத்தில் உட்கார்ந்து மாற்றலாமா, சம்பந்தி?"

அதுவும் அந்நாட்டு வழக்கம்தான். அவையில் சொன்னதை அவையில்தான் திரும்பப் பெறலாம்.

உள்ளேயிருந்து குவளை கேட்டாள்: "அப்பா, அந்தப் பனையில் நுங்கு இருக்குமா?"

மறுநாள் பௌர்ணமி. மாலையில் வண்டிகள் கிளம்ப வேண்டும். காலையில் தேவநம்பி ஆதனையும் அழைத்துக்கொண்டு அவைக்குப் போனார்.

"அரசே, அந்த ஊற்றைப் பற்றி இன்னொரு முறை கேளுங்கள்."

அரசன் கேட்டான். முரசு முழங்கியது. தேவநம்பி வாய் திறக்கவில்லை. முரசொலி தேய்ந்து தேய்ந்து அடங்குவதை அந்த அவை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

"தெரியாது" என்றார்.

"அப்படியானால் யானையின் பெயர்?"

"தெரியாது."

"தும்மிய தலை?"

"அதுவும் தெரியாது, அரசே."

"ஐயோ, அந்தத் தலைக்குத் தனியாக மூக்கு செய்து வைத்திருக்கிறேனே!" என்று பின்வரிசையில் கூத்துக்காரர் ஒருவர் அலறினார்.

தேவநம்பி தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். அவருக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இந்த முறை ஆதன் சிரிக்கவில்லை. வண்டிகளை ஆற்றோரமாகத் திருப்பச் சொன்னார்.

முகூர்த்தம் தவறியது. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அதற்குள் பலகாரம் தீர்ந்து போயிருந்தது. வேறு குறை ஒன்றும் இல்லை.

அரசன் மணல்காட்டுக்கு ஆளனுப்பினான், நிறையத் தண்ணீரோடு. அங்கே பனை இல்லை. ஊற்றும் இல்லை. மணலில் புதைந்து கிடந்த ஒரு மாட்டுமணியை மட்டும் கொண்டு வந்தார்கள்.

அடுத்த பௌர்ணமியில் அரசன் அதைத் தூக்கிக் காட்டினான். "இது யாருடைய மாட்டின் மணி?"

முரசு முழங்கியது. அடங்கியது. அவையோர் ஒருவர் பின் ஒருவராகத் தலைப்பாகையைக் கழற்றினார்கள். கடைசியில் அரசனும் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த மணியைத் தேவநம்பி கேட்டு வாங்கித் தம் வாசலில் கட்டினார். காற்று வீசும்போதெல்லாம் அது ஒலித்தது. அவர் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார்.

கூத்தில் மூன்றாவது தலை தொடர்ந்து தும்மிக்கொண்டுதான் இருந்தது. அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்குகிறவரின் கூச்சத்துக்கு, அவர் சொல்லை நம்பி நடந்தவரே விலை கொடுக்கிறார்.