புதுக் கருவி சொன்ன ஐம்பத்தாறு நிமிடம்

"ரெண்டுல எது கள்ளம் சொல்லுகு, டீச்சர்?"

கடலுக்குள்ளிருந்து படகில் ஏறி, முகமூடியைக் கழற்றியதும் சிவதாணு கேட்ட முதல் கேள்வி இதுதான். மூச்சுகூட இன்னும் சீராகவில்லை.

அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு டைவ் கம்ப்யூட்டர், வலது மணிக்கட்டில் இன்னொன்று. ஆழத்தில் இருக்க இருக்க உடம்பில் காற்று ஊறும். அளவுக்கு மேல் ஊறவிட்டு மேலே வந்தால் கை கால் விளங்காமல் போகும். எவ்வளவு ஊறியிருக்கிறது, இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று கணக்குச் சொல்வதுதான் அந்தக் கருவியின் வேலை.

ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டையும் கட்டச் சொன்னது ஜெனோவா. தூத்துக்குடிக்காரி. முப்பத்தாறு வயது. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். ஆனாலும் கடலில் அவள்தான் டீச்சர்.

"ரெண்டும் கள்ளம் சொல்லல அண்ணாச்சி. ரெண்டு கம்பெனி, ரெண்டு கணக்கு. எது கொறச்சுச் சொல்லுதோ அத கேளுங்க."

சிவதாணு இதை நம்பவில்லை.

அவர் நம்புகிற ஆளும் இல்லை. நாகர்கோவில் பக்கம் இருபத்தெட்டு வருடம் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்தவர். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்தவனையும் பார்த்திருக்கிறார், காந்தத்தை ஒட்டி வைத்தவனையும் பார்த்திருக்கிறார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடலில் இறங்க வந்ததற்குக் காரணமே, கடலுக்கடியில் அது இருக்கிறது இது இருக்கிறது என்று ஊரார் சொன்னதை நம்ப முடியாமல்தான்.

ஜெனோவாவிடம் வருவதற்கு முன் இரண்டு பயிற்சியாளர்களை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒருவர் அதிகம் சிரித்தார். இன்னொருவர் சிரிக்கவே இல்லை.

இவள் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. குறைவாகச் சொல்வதைக் கேள் என்கிறாளே, ஆட்களைச் சீக்கிரம் மேலே ஏற்றிவிட்டு நேரத்தோடு கரை சேரப் பார்க்கிறாளோ? இரண்டு கருவியையும் ஒரே கடையில் வாங்கச் சொன்னாளே, கடைக்காரன் இவளுக்குச் சொந்தக்காரனோ?

அன்று காலை பதினெட்டு மீட்டர் ஆழத்தில் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தார். மீன் பார்க்கவில்லை. பவளப் பாறை பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் வித்தியாசம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலே வந்தார்.

"தீர விசாரிக்கதுதான் மெய்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

மூன்றாவது கருவி.

ஜெனோவாவுக்குச் சொல்லாமல், மதுரைக்குப் போய், யாரென்றே தெரியாத ஒரு கடையில் வாங்கியது. பிரித்தால் யாராவது கைவைத்துவிடுவார்கள் என்று பிரிக்காமலே வைத்திருந்தார்.

பெட்டியைக் கிழித்தார். கருவியை உயிர்ப்பித்தார். அடுத்த தடவை இறங்கினால் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று மேலே இருக்கும்போதே கேட்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. பதினெட்டு மீட்டருக்கு மூன்று கருவியிலும் அதை அழுத்திக் கேட்டார்.

இடது கை, பத்தொன்பது நிமிடம் என்றது.

வலது கை, இருபத்துமூன்று என்றது.

புதியது, ஐம்பத்தாறு என்றது.

சிவதாணுவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். இரண்டு பழசும் கூட்டுக் களவாணிகள். ஒருவேளை மூன்று பேர் கூட்டோ என்று ஜெனோவாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் காற்று உருளையின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பழைய கருவிகள் இரண்டையும் அவிழ்த்துக் கூடைக்குள் போட்டார். புதியதை மட்டும் கட்டிக்கொண்டார். மறுபடி இறங்கத் தயாரானார்.

"எத்தன நிமிஷம் அண்ணாச்சி?" என்று ஜெனோவா கேட்டாள்.

கையை நீட்டிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். கூடையையும் பார்த்தாள். கோபப்படுவாள், கோபப்பட்டால் களவு உறுதி என்று அவர் காத்திருந்தார். அவள் படகின் விளிம்பில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது நல்ல சாட்சியா?"

"சுத்தமான சாட்சி. ஒருத்தரும் கைவைக்காதது."

"கடைக்கு சோதனை போடப் போற எடத்துல சாட்சி சொல்ல ஒருத்தன் வந்தா, அவன்கிட்ட மொதல்ல என்ன கேப்பிய?"

"சம்பவம் நடக்கும்போ நீ எங்க நின்னேன்னு கேப்பேன்."

"கேளுங்க."

சிவதாணு சிரித்தார். இவள் பேச்சை மாற்றப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் பட்டது. ஆனாலும் பழைய உத்தியோகம் விரலில் இருந்தது. இதுவரை இறங்கியதன் விவரத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு பூஜ்யம் வந்தது.

இன்னொரு தடவை அழுத்தினார். அதே பூஜ்யம்.

காலையில் முப்பத்தெட்டு நிமிடம் அவர் கடலடியில் இருந்தபோது அது பெட்டிக்குள்ளே, படகிலே இருந்தது. அதன் கணக்கில் அவர் இன்னும் கால் நனைக்காத ஆள். அதனால்தான் தாராளமாக ஐம்பத்தாறு நிமிடம் கொடுத்தது.

சிவதாணுவுக்குப் பயம் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், சங்கு குளித்துக் கால் விளங்காமல் போன ஒருவர் இரண்டு கோல் ஊன்றி நடப்பதை அவர் பார்த்திருந்தார். ஊரில் சிவதாணு சந்தேகப்படாத ஒரே ஆள் அந்த மனிதர்தான். குனிந்து தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதியதை அவிழ்த்தார். கூடையிலிருந்து பழைய இரண்டையும் எடுத்து, இடது கையில் இடதையும் வலது கையில் வலதையும் கட்டினார். வார் இரண்டு தடவை நழுவியது. ஜெனோவா உதவிக்கு வரவில்லை.

கட்டி முடித்து நிமிர்ந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"அதெல்லாம் சரி டீச்சர். இப்பம் பத்தொம்பதா, இருபத்திமூணா? எது மெய்?"

ஜெனோவா முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

"பத்தொம்பதுல மேல வந்துருங்க அண்ணாச்சி. மிச்ச நாலு நிமிஷத்த இங்க உக்காந்து சந்தேகப்படுவோம்."