முதல் வரி

"மேடம், நான் எப்பத்தான் தனியா விதி எழுதுறது?" என்று கேட்டார் மாயன்.

ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் போடியில் கம்ப்யூட்டரில் லினக்ஸ் கற்க வந்தவர்களுக்கு அவர்தான் குரு.

"இப்பவே எழுதுங்கண்ணே."

மலைமேல் ஓர் ஆஸ்பத்திரி. அதன் இணையம் முழுக்க அங்கிருக்கும் ஒரே சர்வர் வழியாகத்தான் போகும். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதற்கு எழுதும் விதிகளைப் போடியில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். அங்கே யாராவது சினிமா பார்த்தால் மதுரை டாக்டரின் வீடியோ திணறும். பதினோரு மணிக்கு ஒரு நிறைமாதக்காரியை அவர் அந்த வீடியோவில்தான் பார்க்க வேண்டும். குழந்தை குறுக்கே கிடந்தது.

"டாக்டரை முன்னால விடணும், சினிமாவைப் பின்னால தள்ளணும். கண்டவன் உள்ள வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

ஜெசிந்தா ஏதோ ஒரு வரி அடித்துவிட்டு நாற்காலியைக் கொடுத்தார்.

மாயன் கண்டிப்பான ஆள். எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் தடுத்தார். வேண்டியவர்களை அப்புறம் ஒவ்வொருவராக உள்ளே விடலாம் என்று நினைப்பு.

அடுத்த வரியை அடித்தார். திரையில் எழுத்தே விழவில்லை.

தடுத்த எல்லோரிலும், போடியிலிருந்து உள்ளே நுழைந்த அவரும் சேர்த்திதானே!

போன் அடித்தது. மலையிலிருந்து நர்ஸ்.

"நெட் சுத்தமா போச்சு சார். டாக்டர் வர்ற நேரம்."

மாயன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் மேல போயி சரி பண்ணிட்டு வந்துடுறேன் மேடம்."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருக்கு."

"அந்தப் பொண்ணு?"

ஜெசிந்தா ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். மாயனுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. டீ குடிக்கிற நேரமா இது?

டீ ஆறுவதற்குள் திரை தானாக உயிர் பெற்றது. மறுபடியும் நர்ஸ்.

"வந்துருச்சு சார். ஆனா யாரோ படம் பாக்குறாங்க போல. டாக்டர் முகம் விட்டு விட்டுத் தெரியுது."

மாயன் குருவைப் பார்த்தார். "எப்படி மேடம்?"

"கொஞ்ச நேரத்துல விதியெல்லாம் அழிச்சிடுன்னு சர்வர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன்."

மாயனின் முகம் தொங்கிப்போனது. "நான் தப்புப் பண்ணுவேன்னு தெரியுமா?"

"நான் எழுதுறப்பவும் அதைத்தான் முதல்ல அடிப்பேன்."

மாயன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டரை எழுதவில்லை, சினிமாவை எழுதவில்லை. தான் எழுதப்போவதை அழிக்கும் வரியை அடித்தார்.

ஜெசிந்தா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பக்கத்துல இருந்து பாக்க வேண்டாமா மேடம்?"

"இனிமே எதுக்குண்ணே?"