ஐந்தாவது பாத்தி

இமயமலையின் ஒரு மடிப்பில், கடைசி ஊரையும் தாண்டி, மூன்றே பேர் வாழ்ந்த ஒரு மடம் இருந்தது. குருவின் பெயர் மெய்யம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்கள் இருவருமே அவரைவிட மூத்தவர்கள். ஒருவர் கோதண்டம், உடுமலைப் பக்கம் பஞ்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பரஞ்சோதி, திருநெல்வேலிக்காரர். மடத்துச் சமையல் அவர் கையில் இருந்தது.

வேலை இல்லாமல் உட்கார்ந்தால் கோதண்டத்துக்கு உடம்பெல்லாம் எரியும். பரஞ்சோதிக்கு எழுந்தால் எரியும். இந்த இருவரும் ஒரே கூரைக்குக் கீழே தியானம் பழகினார்கள் என்பதுதான் அந்த மலையில் நடந்த பெரிய அதிசயம்.

அந்த வருஷம் மடத்துக்கு ஒரு கண்டம் வந்தது. குளிர்காலத்துக்கு வேண்டிய சாப்பாட்டை எல்லாம் மேலே தூக்கிவர ஆள் கிடைப்பதில்லை. "கிழங்காவது நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள். இந்த வருஷமும் முடியாவிட்டால் மடத்தைப் பூட்டிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்" என்று மடத்தை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் முன்முற்றத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். கிழங்கு பருப்பதற்குள் உறைபனி வந்து செடிகளைக் கருக்கிவிட்டது. அங்கே கோடை அவ்வளவு சின்னது. விதைப்பைக் கொஞ்சம் முந்திக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் பனி விலகாமல் எங்கே விதைப்பது?

கோதண்டத்துக்கு இறங்கிப் போக மனமே இல்லை. ஆலைச் சங்கு ஊதாமல் அவர் நிம்மதியாகத் தூங்கியது இந்த மடத்தில்தான். அதனால் குளிர் தொடங்குமுன்பே கொல்லைப்புறத்தில் புல்லைச் செதுக்கி, நீளநீளமாக ஐந்து புதுப் பாத்திகளுக்கு இடம் பிரித்து, மூலைகளில் குச்சி நட்டு வைத்திருந்தார். பிறகு முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்தது. குச்சிகளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

குளிர் முடியும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிவிட்டார்.

அடுப்படி வாசலிலிருந்து பரஞ்சோதி பார்த்தார். "வெயில் வந்தா தன்னால உருகப்போவுது. எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?"

"போன வருசமும் தானாத்தான் உருகுச்சு. என்னத்தத் தின்னோம்?"

"அருள் இருந்தா நடக்கும்."

"அருளு வந்து மம்பட்டி புடிக்குமாக்கும்?"

நாள் முழுக்க மல்லுக்கட்டி முதல் பாத்தியை மண் தெரிய வழித்துவிட்டார். அன்று ராத்திரி ராஜா மாதிரி தூங்கினார். காலையில் போய்க் கடப்பாரையைப் போட்டால், அது டங்கென்று எகிறியது. போர்த்தியிருந்த பனி போனதும் குளிர் நேராக மண்ணுக்குள் இறங்கி, அதைக் கருங்கல்லாக்கி வைத்திருந்தது. சாயங்காலம் மறுபடி பனி பெய்து அந்த இடத்தையும் மூடியது. கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

குருவிடம் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

"நான் வழிச்சா மண்ணு கல்லாப் போவுது. பரஞ்சோதியாட்டம் சும்மா இருந்தா நாளு போவுது. நாம செய்யறது எவ்வளவு, தானா நடக்கறது எவ்வளவு? அளவு சொல்லுங்க."

மெக்கானிக் அல்லவா, எதற்கும் அவருக்கு அளவு வேண்டும்.

மெய்யம்மை நல்ல வெயிலுக்காகக் காத்திருந்தார். வானம் வெளுத்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அடுப்படிக்குப் போனார். கரி கலந்த சாம்பலை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். பனிமேல் மெல்ல நடந்து, கோலப்பொடி விடுவதுபோல விரலிடுக்கில் விட்டுத் தூவினார். ஒரு பாத்திக்குச் சில பிடிதான். நான்கு பாத்தி முடிந்ததும் வாளி காலியானது.

கோதண்டம் பதறி ஓடிவந்தார். "பாலாட்டம் இருந்த பனியை இப்பிடி அழுக்குப் பண்ணிட்டீங்களேம்மா."

"வெள்ளையா இருக்கிறவரைக்கும் அது வெயிலை உள்ளே விடாது, கோதண்டம். வந்த வழியே திருப்பி அனுப்பிடும்."

"அப்ப அஞ்சாவது பாத்திங்க?"

"அடுப்பு எரியட்டும். சாம்பல் வரும்."

ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. சாம்பல் விழுந்த இடமெல்லாம் சல்லடைக்கண் மாதிரி குழிவிழுந்து, பிறகு குழிகள் ஒன்றுசேர்ந்து பனி உள்வாங்கியது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கோதண்டம் குந்த வைத்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் கூப்பிடாமல் பரஞ்சோதியும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

இதற்குள் கோதண்டத்தின் மெக்கானிக் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஒரு பிடிக்கே இந்தப் போடு போட்டால், ஒரு கூடைக்கு என்ன ஆகும்? அடுப்பில் சேர்ந்தது, வெந்நீர் போடும் இடத்தில் கிடந்தது, குப்பைக்குழியில் கொட்டியது என்று ஒரு சிட்டிகை விடாமல் சுரண்டி எடுத்தார். எல்லாவற்றையும் ஐந்தாவது பாத்தியில் கொட்டிச் சாண் உயரத்துக்குப் பரப்பினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் மற்ற நாலையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று மனசுக்குள் ஒரே குஷி.

மெய்யம்மை அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார், போய்விட்டார்.

பிறகு நான்கு பாத்திகளும் திறந்தன. சுற்றிலும் மலை முழுக்க வெள்ளையாகக் கிடக்க, நடுவில் நான்கு கறுப்பு மண் பட்டைகள் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மூவரும் மண்ணைக் கிளறி உதிர்த்தார்கள், ஆட்டு எருவைக் கலந்தார்கள், பாத்தியை மேடாக்கினார்கள். அடுப்போரம் முளைகட்டி வைத்திருந்த விதைக்கிழங்கைப் பரஞ்சோதி பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். ஊருக்குப் போகும் பாதைகூட அப்போது திறக்கவில்லை.

ஐந்தாவது பாத்தி மட்டும் கூனல் முதுகு மாதிரி நின்றது. கோதண்டம் யாரும் பார்க்காத நேரத்தில் குச்சியால் சாம்பலை விலக்கிப் பார்த்தார். மேலே சாம்பல் வெயிலில் சுட்டது, அடியில் பனி அன்று பெய்ததுபோல அப்படியே இருந்தது. சாம்பலை மறுபடி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல நடந்து வந்தார். மலைப்பனி எல்லாம் போனபிறகும் அது கொஞ்ச நாள் கிடந்துதான் கரைந்தது. அதற்கப்புறம் அதிலும் கிழங்கு நட்டார்.

கோடை போய் அறுவடை வந்தது. முதல் குழியைப் பரஞ்சோதி தோண்டினார். கையை விட்டவர் கையை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு கையில அடங்க மாட்டேங்கு."

தோண்டத் தோண்டக் கிழங்கு வந்தது. சாக்கு தீர்ந்தது, போர்வையில் கட்டினார்கள். போர்வையும் தீர்ந்தபின் பரஞ்சோதி மேல்துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். கிடங்கு நிரம்பி, தியான அறையின் ஒரு பாதியும் நிரம்பியது. கோதண்டம் தாடியெல்லாம் மண்ணோடு பாத்திமேல் ஏறி நின்று, கீழே பள்ளத்தாக்கைப் பார்த்து, "மடம் பூட்டலீங்கோ" என்று கத்தினார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. மறுபடி கத்தினார். மெய்யம்மையும் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று இரவே உறைபனி இறங்கியது. நான்கு பாத்திகளிலும் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. ஐந்தாவதில் மட்டும் பசுமையாக நின்ற செடிகள் விடிவதற்குள் கருகிப்போயின.

கோதண்டம் அவற்றைப் பிடுங்கிப் பார்த்தார். அடியில் நெல்லிக்காய் அளவில் கொஞ்சம் தொங்கின. அவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு குருவிடம் போனார். வெட்கம் இருந்தது, ஆனால் கிடங்கு நிறைந்த சந்தோஷத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

"அம்மா, நாலு பாத்தியில நீங்க பிடிபிடியாத் தூவுனீங்க. பனி ஓடிப்போச்சு. அஞ்சாவதுல நான் கூடை கூடையாக் கொட்டுனேன். அது அசையவே இல்லை. ஏனுங்க?"

மெய்யம்மை அந்தச் சின்னக் கிழங்குகளை வாங்கிப் பரஞ்சோதியின் குழம்புச் சட்டியில் போட்டார்.

"நாலு பாத்தியிலயும் வெயில் பனியைத் தொட்டுச்சு, கோதண்டம். அஞ்சாவதுல அதால உங்களை மட்டும்தான் தொட முடிஞ்சுது."