பதில் வந்தால் கிளப்பக் கூடாது

வேலூருக்கு வெளியே, முன்னாள் படைவீரர் சங்கத்துக் கொட்டகையில் ஒரு டாங்கி நின்றது. நம்முடையது அல்ல. போரில் எதிரியிடமிருந்து பிடித்து வந்தது. பல வருடம் பூங்காவில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, பிள்ளைகள் சறுக்கி விளையாடித் துருவேறிப் போயிருந்தது. அதை மறுபடி ஓட வைக்கிறோம் என்று ஒரு கூட்டம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்று பயந்து வந்தவர்களும் அதில் உண்டு. ஆனாலும் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது.

கூட்டத்தை நடத்தியவர் ரேணுகாம்பாள். லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால், வயதில் மூத்தவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் வேலை கற்க வந்தவர்களில் எல்லாரையும்விட மூத்தவர் ஏகாம்பரம். தபால் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர். டாங்கியின் செயினுக்கு அவரைப் போல யாரும் கிரீஸ் வைக்க முடியாது. ஆனால் வண்டியைத் தொடும்போதெல்லாம் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். காரணம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் தணிகாசலம் அதே போரில் இறந்தவன். உடல் வரவில்லை, ஒரு டிரங்குப் பெட்டிதான் வந்தது. சுட்டது இந்த மாதிரி ஒரு டாங்கி என்று சொன்னார்கள்.

"அப்புறம் ஏண்ணா இங்க வர்றீங்க?" என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டார்.

"இது என் காலுக்கடியில அடங்கி ஓடணும். அத நான் பாக்கணும்."



அந்த நாளும் வந்தது. இன்ஜின் தயார். முதல் தடவை கிளப்பும் வேலையை மாஸ்டர் ஏகாம்பரத்துக்கே கொடுத்தார். உச்சி வெயிலில் கொட்டகைத் தகரம் படபடத்தது. ஏகாம்பரம் விறுவிறுவென்று போய் ஏறக் காலை வைத்தார்.

"தட்டலையேண்ணா" என்றார் மாஸ்டர்.

அது அங்கே வழக்கம். வண்டிக்கடியில் யாராவது படுத்திருக்கலாம், உள்ளே யாராவது கையை விட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் ஸ்பானரால் இரும்பில் தட்டிக் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் கிளப்பக் கூடாது.

"எதிரி வண்டி மாஸ்டர் இது. இதுகிட்டப் போய் நான் எதுக்குக் கேக்கணும்?"

"வண்டியையா கேக்கறோம்? உள்ள இருக்கறவங்களக் கேக்கறோம்."

ஏகாம்பரம் கோபத்தோடு ஸ்பானரை எடுத்து ஓங்கித் தட்டினார்.

"யாராவது இருக்கீங்களா?"

உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு தட்டு. விரல் மடக்கித் தட்டுவது போல மெதுவாக.

"எவன்டா அது, விளையாடறது?" என்று கத்தினார் பஷீர். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் கொட்டகையில் அவர் கண்முன்னேதான் நின்றார்கள். அடியில் குனிந்து பார்த்தார். மேலே ஏறி மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"ஒருத்தரும் இல்ல" என்றார். மூடியைச் சாத்தி இறங்கியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வெயில்ல உள்ள சில்லுனு இருக்கு. இரும்பு சூட்டுல விரியுது, அந்தச் சத்தம்தான்."

அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

"இன்னொரு தடவை தட்டுங்கண்ணா" என்றார் மாஸ்டர்.

ஏகாம்பரம் ஒரு கையை இரும்பில் ஊன்றிக்கொண்டு, இந்த முறை மெல்லத் தட்டினார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்த பிறகு வந்தது பதில். இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. அவர் உள்ளங்கை இருந்த இடத்துக்கு நேர் பின்னால்.

ஸ்பானர் கீழே விழுந்தது.

"பிரமை! நகருங்க, நான் ஸ்டார்ட் பண்றேன்" என்று பஷீர் முன்னால் வந்தார்.

"யாரும் தொடாதீங்க!" ஏகாம்பரம் டாங்கியை மறித்துக்கொண்டு நின்றார். "எங்க அண்ணன்யா அது! செகண்ட் ஷோ பாத்துட்டு வந்து ஜன்னல்ல இப்படித்தான் தட்டுவான். அம்மாவுக்குக் கேக்காம நான்தான் போய்த் தாழ்ப்பாளைத் திறப்பேன்."

பஷீர் அப்படியே நின்றுவிட்டார். மற்றவர்களுக்கும் ஏகாம்பரத்தை நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை.

"மாஸ்டர், அவன் எப்படி இதுக்குள்ள வந்தான்? இது அவனக் கொன்னவங்க வண்டியாச்சே?"

ரேணுகாம்பாள் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"உங்க அண்ணன்தான்னு எப்படித் தெரியும்?"

"அந்தத் தட்டுதான் மாஸ்டர். எனக்குத் தெரியாதா?"

"வீட்டுக்கு லேட்டா வந்து, அம்மா முழிச்சுக்கக் கூடாதுன்னு தட்டற பசங்க, எந்த ஊரா, எந்த நாடா இருந்தாலும் அப்படித்தாண்ணா தட்டுவாங்க."

ஏகாம்பரம் அந்த இரும்பை ஒருமுறை பார்த்தார். பிறகு மேலே ஏறி மூடியைத் திறந்து வைத்தார். சத்தம் வராமல் திறப்பது அவருக்கு மறந்திருக்கவில்லை.