தலைகீழாய்த் தொங்கிய குளம்

வரியாள் என்ற அணில் ஆலமரத்து ஓவியப் பள்ளியில் மூன்றாவது வருஷமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் வரையத் தெரியாதவள் அல்ல. வாலை நாவல்பழச் சாற்றில் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் குளத்தில் அலை எழும்பும். ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தேர்வாக வேண்டும், தேர்வான படம் பொழுது சாயும்வரை மாட்டிய இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தேர்ச்சி. மூன்று முறை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

தேர்வுக் குழுவில் மூன்று வௌவால்கள். தலைவர் பெயர் தொங்கலார். பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக யோசிக்கிறார்கள் என்று காடே அவர்களை நம்பியது. தூங்குகிறார்கள் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

முதல் வருஷம் வரியாள் குளத்தை வரைந்தாள். தொங்கலார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"சூரியன் கீழே கிடக்கிறது! குளம் தலைக்கு மேலே நிற்கிறது! தண்ணீர் கொட்டாதா? எடுத்துக்கொண்டு போ!"

இரண்டாம் வருஷம் யானையை வரைந்தாள்.

"காலை மேலே நீட்டிக்கொண்டு எந்த யானையம்மா நடக்கிறது? அடுத்தது!"

அன்றைக்கு வரியாள் ஒரு கிளையில் பின்னங்கால்களால் தொங்கியபடி தன் படத்தைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. குழுவினர் தலைகீழாகத் தொங்குகிறார்கள். அவ்வளவுதான்!

மூன்றாம் வருஷம் பலாப் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். ஓடையப்பன் என்ற ஆமையைப் பாறைமேல் உட்காரச் சொன்னாள். பதினொரு நாள் அவன் அசையாமல் உட்கார்ந்தான். அவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

"என்னைக் கொஞ்சம் ஒல்லியாப் போடு, புள்ள!" என்பது மட்டுமே அவன் கோரிக்கை.

ஒல்லியாகத்தான் போட்டாள். ஆனால் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டாள். குளம் மேலே, வானம் கீழே, நடுவில் பாறையும் ஆமையும் கவிழ்ந்து தொங்கின. வரையும்போது அவளுக்கே அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பெயரை அடித்துவிடுவார்களே! வாலை இறுக்கிப் பிடித்து வரைந்து முடித்தாள்.

"அபாரம்!" என்றார் தொங்கலார். "சூரியன் சூரியனுடைய இடத்தில் இருக்கிறது. மாட்டுங்கள்!"

வரியாளுக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தை மூன்று முறை சுற்றி ஓடினாள்.

கண்காட்சி நாள் வந்தது. காவலுக்கு ஒரு குரங்கு நின்றது. 'படைப்புகளைத் தொடாதீர்' என்ற பலகையைக் கழுத்தில் மாட்டியிருந்தது. முதலில் யானையும் எருமையும் வந்தன. இரண்டும் வெகுநேரம் படத்தையே பார்த்தன.

"உனக்குப் புரியுதா?" என்று யானை காதோடு கேட்டது.

"புரியாம என்ன! உனக்குப் புரியலையா?"

"எனக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சு!"

குரங்கு தொண்டையைக் கனைத்தது. "தொங்கலார் ஐயா பார்த்த மாதிரி பார்க்கணும். தலையைக் கீழே வையுங்க!"

யானை தலையால் நின்றது. எருமையும் நின்றது. பின்னால் வந்த மான், கரடி, நரி எல்லாம் வரிசையாகத் தலையால் நின்றன. ஒரு நிமிஷத்தில் யானை சரிந்தது. அது சரிந்த வேகத்தில் வரிசை முழுவதும் சீட்டுக்கட்டு மாதிரி விழுந்தது. "எவ்வளவு ஆழமான படம்!" என்று தரையில் கிடந்தபடியே கரடி பெருமூச்சு விட்டது.

ஓடையப்பன் கடைசியாக வந்து சேர்ந்தான். முந்தாநாள் கிளம்பியவன்.

"நான் எங்கே புள்ள இருக்கேன்? பாறை எங்கே?"

"தலைகீழா நின்னு பார்க்கணும், அண்ணே" என்றாள் வரியாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தோழி வரைந்த படமாயிற்றே என்று ஓடையப்பன் தலையை மண்ணில் ஊன்றி ஒரு உந்து உந்தினான். தடால்! மல்லாந்து விழுந்தான். நாலு காலும் வானத்தைத் துழாவின.

"ஐயோ! திரும்ப முடியலையே! யாராவது புரட்டி விடுங்களேன்!"

யானை விழுந்தபோது ஒரு கண்ணைத் திறந்து மூடியிருந்த தொங்கலார், இந்தச் சத்தத்தில் மறுபடியும் விழித்துக்கொண்டார். கீழே பார்த்தார். அவர் கண்ணுக்கு ஓடையப்பன் நாலு காலையும் ஊன்றி நேராக நின்றான்.

"ஆகா! யானை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இதைப் பாருங்கள், எவ்வளவு உறுதியாக நிற்கிறது! யாருடைய படைப்பு இது?"

"இந்த அணில் சொல்லித்தான் இப்படி ஆச்சுங்க" என்றது குரங்கு.

"முதல் பரிசு! பொழுது சாயும்வரை இப்படியே இருக்கட்டும். இவள் தேர்ச்சி!"

குரங்கு ஓடிப்போய் ஆமையைச் சுற்றிக் கொடி கட்டியது. 'வரியாளின் படைப்பு' என்று ஓர் இலையில் எழுதித் தொங்கவிட்டது.

"நான் படைப்பு இல்லய்யா! ஓடையப்பன்!" என்று ஆமை கத்தினான்.

"பேசவும் செய்யுது!" என்று நரி வியந்தது.

வெயில் ஏறியது. ஓடையப்பனின் வயிறு காய்ந்து வெளுத்தது. குரல் கம்மிவிட்டது. "வெந்து போறேன், புள்ள..."

வரியாள் யானையிடம் ஓடினாள். "ஒரு தட்டு தட்டி நிமிர்த்துங்க, அண்ணே!"

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றது யானை. "ஆனா தொடக்கூடாதாமே. பலகையில போட்டிருக்கே!"

வரியாள் சூரியனைப் பார்த்தாள். பொழுது சாய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மூன்று வருஷக் கஷ்டம் தீர்ந்துவிடும். ஓடையப்பனைப் பார்த்தாள். துழாவிக்கொண்டிருந்த கால்களில் இரண்டு நின்றுவிட்டன.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. தன் பலாப் பலகையைக் கிளையிலிருந்து அறுத்துக் கீழே தள்ளினாள். அதன் ஒரு முனையை ஆமையின் ஓட்டுக்கு அடியில் செருகி, நடுவில் ஒரு கல்லை வைத்தாள். பிறகு மரத்தின் மேல் ஏறி மறுமுனையில் குதித்தாள். பலகை 'படீர்' என்று பாதி பிளந்தது. ஓடையப்பன் புரண்டு நாலு காலில் விழுந்தான்.

"படைப்பைச் சிதைத்துவிட்டாள்!" என்று அலறினார் தொங்கலார். "மாட்டிய படத்தையும் இறக்கிவிட்டாள்! பெயரை அடியுங்கள்!"

அடித்தார்கள். வரியாளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடையப்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு எதிரே விழுந்து கிடந்த பலகையைப் பார்த்தான். அவள் குதித்த வேகத்தில் அது எகிறிப் புரண்டு, வானம் மேலேயும் குளம் கீழேயுமாக மரத்தில் சாய்ந்திருந்தது.

"அட! நம்ம குளம்! இது என் பாறை! புள்ள, ஒல்லியாத்தான் போட்டிருக்கே!"

யானை எட்டிப் பார்த்தது. கரடி பார்த்தது. யாரும் தலையால் நிற்கவில்லை. "நான் தண்ணி குடிக்கிற துறை இது!" என்று எருமை துள்ளியது. "இதை முன்னாலேயே காட்டியிருக்கலாமே!"

வரியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். விரிசல் விட்ட பலகையை யானை தூக்க, எல்லோரும் குளத்தங்கரைக்கு நடந்தார்கள். ஓடையப்பன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான்.

ஆலமரத்தில் தொங்கலார் ஒரு கண்ணைத் திறந்து, காலியான மைதானத்தைப் பார்த்தார். "கூட்டம் அலைமோதுகிறது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் யோசிக்கப் போனார்.

பாராட்டுக்காகத் தன் கண் கண்டதைத் திருப்பிப் போடுகிறவர், கடைசியில் தன்னை நம்பியவரையும் கவிழ்த்துவிடுவார்.