சிரிப்புக்குத் தடை போட்ட வான்கோழி

ஒரு காட்டில் அறுபது குட்டிகளுக்கு ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். அவர் ஒரு முள்ளம்பன்றி. பாடம் நடத்தினால் மட்டும் போதாது. எறும்புப் புற்றுகளைக் கணக்கெடுப்பது, குளத்துத் தவளைகளுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுவது என்று எல்லா வேலையும் அவர் தலையில்தான்.

குழந்தைகளே, முள்ளம்பன்றிக்கு எரிச்சல் வந்தால் முட்கள் சிலிர்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் குட்டியின் கதி என்ன? அதனால் கோபம் தலைக்கேறும்போதெல்லாம் வாத்தியார் வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவார். முட்கள் தாமாகப் படிந்துவிடும்.

ஒரு நாள் குரங்குக் குட்டி அவர் முதுகு முட்களில் நாவல்பழங்களைக் குத்தி வைத்தது.

"அடடே! மதியச் சாப்பாடு என் முதுகிலேயே ஏறி வந்துவிட்டதா? ஏழு பழத்தில் மூன்று போனால் எத்தனை? சரியாகச் சொல்பவருக்கு ஒரு பழம்!" என்றார் வாத்தியார்.

வகுப்பே சிரித்தது. கழித்தல் கணக்கும் நடந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளி ஆய்வாளர் வான்கோழி வந்து நின்றார். வாழ்நாளில் ஒரு குட்டிக்கு ஓர் எழுத்துகூடச் சொல்லித் தந்தவர் இல்லை. ஆனால் மார்பை உப்பிக்கொண்டு நடப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"என்ன கூத்து இது? பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?"

"சிரிக்காவிட்டால் என் முள் சிலிர்க்கும் ஐயா. பிள்ளைகளுக்கு ஆகாது."

"சாக்குச் சொல்லாதீர்!" வான்கோழி ஒரு தேக்கிலையில் நகத்தால் கீறி, உரக்கப் படித்தார். "இப்பள்ளியில் யார் சிரித்தாலும் வாத்தியாருக்கு வேலை போகும். ம், கையெழுத்துப் போடும்! வகுப்பு எப்படி நடத்துவது என்று நான் காட்டுகிறேன்."

தான் போய்விட்டால் குட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்? வாத்தியார் கையெழுத்திட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"அமைதி! களக் களக்!" என்று கத்தினார் வான்கோழி.

"களக் களக்!" என்று மரத்திலிருந்து பதில் வந்தது. குரங்குக் குட்டிதான்.

வான்கோழியின் கழுத்து செக்கச்செவேலென்று சிவந்தது. ஆத்திரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அதைப் பிடிக்க மரத்தின் மேல் பாய்ந்தார். குரங்குக் குட்டி நழுவிவிட்டது. ஆய்வாளர் கீழே பார்த்தார். ஏறியாயிற்று, இறங்கத் தெரியவில்லை.

"ஐயோ! யாராவது இறக்கி விடுங்கள்!" என்று கிளையைக் கட்டிக்கொண்டு அலறினார்.

குட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டன. வாத்தியார் எழுந்தார்.

"பிள்ளைகளே, இவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்தால் உத்தரவை மீறியதாகும். எல்லோரும் திரும்பி உட்காருங்கள்."

அறுபது குட்டிகளும் முதுகைக் காட்டின.

"ஓய் வாத்தியாரே! அந்த யானைக் குட்டியை அனுப்பும்!"

"அனுப்பலாம் ஐயா. ஆனால் தூக்கும்போது அது உங்களைப் பார்த்தாக வேண்டுமே? என் வேலை என்னாவது?"

"சரி, சரி! உத்தரவு ரத்து!"

"வாயால் சொன்னால் எப்படி ஐயா? எழுத்தில் வேண்டும்."

குரங்குக் குட்டி தேக்கிலையை மேலே கொண்டுபோனது. வான்கோழி நகத்தால் தன் உத்தரவைத் தானே அடித்து, கையெழுத்தும் போட்டார்.

"இனித் திரும்பலாம்" என்றார் வாத்தியார்.

குட்டிகள் திரும்பின. சிரிப்பில் காடே அதிர்ந்தது. யானைக் குட்டியால் நெடுநேரம் தும்பிக்கையை நேராகத் தூக்கவே முடியவில்லை.

நீதி: சிரித்துச் சுமையைத் தாங்குபவரின் சிரிப்பைப் பறிக்க வரும் வீம்பன், ஊர் சிரிக்க நிற்பான்.